மஞ்சக்குப்பம் டிபன் கடை: காட்டுகிற விற்பனை உண்மையா?

கேள்வி:
கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு டிபன் கடைக்குப் பங்குதாரராகக் கூப்பிடுகிறார்கள். மாதம் சரக்கு 3 லட்சம், விற்பனை 4 லட்சம் என்கிறது கணக்கு. நம்பலாமா?

பதில்:
அண்ணே, சரக்கே 75 சதவீதம். அப்புறம் வாடகை, சம்பளம், கேஸ் எதிலிருந்து? டிபன் கடையில் பாதியைத் தாண்டினாலே எனக்கு உறுத்தும். ரொக்க விற்பனை முழுதும் கணக்கில் ஏறவில்லை போலிருக்கிறது. பார்சல் டப்பா பில்லைக் கேளுங்கள். வாங்கியது 6,000, பில் போட்ட பார்சல் 2,500 என்றால் மீதி எங்கே?

இன்னொரு பதில்:
விரயம், திருட்டாகவும் இருக்கலாம். உடனே பழி போடாதீர்கள். 19 கிலோ சிலிண்டர் எத்தனை தீர்ந்தது என்று மாதாமாதம் விற்பனையோடு ஒப்பிடுங்கள்.

கேட்டவர்:
சரி, ஜிஎஸ்டி ரிட்டர்னும் கேட்கிறேன்.

பதில்:
கட்டாயம் கேளுங்கள். கூட்டு நிறுவனத்தின் வரி பாக்கிக்குப் பங்குதாரர்களும் பொறுப்பு.