மகளின் படத்தைத் திரித்து மிரட்டுகிறார்கள். அச்சத்தில் அவள் கணக்கையே நீக்கிவிட்டாள். ஆதாரத்தை மீட்க வழி உண்டா?

கேட்பவர்: திண்டுக்கல் தாய்

என் மகளுக்கு 15 வயது; பத்தாம் வகுப்புப் படிக்கிறாள். பக்கத்துப் பள்ளி மாணவி என்று சொல்லிக்கொண்டு இரண்டு மாதங்களாக இன்ஸ்டாகிராமில் அவளுடன் பேசிவந்த ஒருவர், விளையாட்டு விழாவன்று அவள் பதிந்த படத்திலிருந்து முகத்தை மட்டும் எடுத்து, தகாத படம் ஒன்றில் பொருத்தி அனுப்பியிருக்கிறார். 8,000 ரூபாய் தராவிட்டால் அவளைப் பின்தொடரும் எல்லோருக்கும் அது போய்ச் சேரும் என்று மிரட்டியும் இருக்கிறார். கடந்த வெள்ளிக்கிழமை நடந்ததை நேற்றிரவுதான் அழுதுகொண்டே என்னிடம் சொன்னாள். பணம் எதுவும் தரவில்லை. ஆனால் பயந்துபோய் அன்றே கணக்கை நிரந்தரமாக நீக்கிவிட்டாள். உரையாடல் முழுவதும் அதில்தான் இருந்தது. அதை மீட்க முடியுமா? காவல் நிலையத்துக்குப் போனால் ஊரில் பேச்சாகிவிடும் என்று அவள் அப்பா தயங்குகிறார். என்ன செய்வது என்று தெரியாமல் கேட்கிறேன்.

பதில்: பள்ளிகளில் இணையப் பாதுகாப்பு வகுப்பெடுப்பவர்

சகோதரி, முதலில் ஒன்று: உங்கள் மகள் உங்களிடம் சொல்லிவிட்டாள், பணமும் தரவில்லை. இவ்விரண்டும் பெரிய விஷயம். கைப்பேசியைப் பிடுங்கி வைத்துவிடாதீர்கள். அடுத்த மிரட்டல் வந்தால் சொல்ல அவளுக்குத் துணிவு வராது.

இன்ஸ்டாகிராமில் நீக்கக் கோரிய கணக்கு 30 நாட்கள் வரை அழியாமல் இருக்கும். அதற்குள் பழைய பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து உள்நுழைந்தால், நீக்கும் கோரிக்கையைக் கைவிடலாம். உள்நுழைந்ததும் அந்த நபருக்குப் பதில் எதுவும் அனுப்பாமல், உரையாடலை முதலிலிருந்து கடைசிவரை திரைப்பதிவு செய்யுங்கள். பெயரை எந்நேரமும் மாற்றிவிட முடியும் என்பதால், அவரது பக்கத்தின் இணைப்பையும் தனியே குறித்துக்கொள்ளுங்கள். இவை கைக்கு வந்த பிறகே புகாரளிப்பதும் தடுப்பதும். செயலியின் உள்ளே புகாரளித்தால் யார் புகாரளித்தது என்று எதிராளிக்குத் தெரிவிக்கப்படாது. ஆனால் படம் நம்முடையது என்று கோரும் பதிப்புரிமைப் படிவத்தைப் பயன்படுத்த வேண்டாம். அதில் புகாரளிப்பவரின் பெயரும் மின்னஞ்சலும் எதிர்த்தரப்புக்குப் போகக்கூடும்.

அமெரிக்காவில் காணாமற்போன, சுரண்டலுக்கு ஆளான குழந்தைகளுக்கான தேசிய மையம் நடத்தும் 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவையையும் பயன்படுத்துங்கள். அந்தப் படம் உங்கள் கைப்பேசியை விட்டு வெளியே போகாது. படத்திலிருந்து கணக்கிடப்படும் எண்கோவையான எண்முத்திரை மட்டுமே போய், சேவையில் இணைந்துள்ள தளங்கள் அதே படத்தைக் கண்டறிந்து நீக்க உதவும். அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே படிக்க முடிகிற, வாட்ஸ்அப் போன்ற மறையாக்க உரையாடல்களில் இது பயன்படாது.

பதில்: வழக்கறிஞர், மதுரை

மேலே சொன்னவற்றோடு ஒரு கண்டிப்பான எச்சரிக்கை. ஆதாரம் என்று எண்ணி அந்தப் படத்தை உறவினருக்கோ ஆசிரியருக்கோ அனுப்பிவிடாதீர்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தில், 2019 திருத்தத்துக்குப் பின் குழந்தை ஆபாசப் படம் என்பதன் வரையறையில் திரிக்கப்பட்ட படமும் அடங்கும். அத்தகைய படத்தை மின்வழியில் பரப்புவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவின்படியும் குற்றம். அது அந்தக் கைப்பேசியிலேயே இருக்கட்டும். கைப்பேசியோடு விரைவில் காவல்துறையிடம் செல்லுங்கள்.

மகளின் அப்பாவிடம் போக்சோ சட்டத்தின் 24-ஆம் பிரிவைக் காட்டுங்கள். குழந்தையின் வாக்குமூலத்தை வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோதான் பதிய வேண்டும். இயன்றவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி, சீருடை அணியாமல் வந்து பதிய வேண்டும். அடையாளத்தை ஊடகங்கள் வெளியிடுவதை 23-ஆம் பிரிவு தடுக்கிறது.

1930 முக்கியமாக இணையவழிப் பண மோசடிக்கான உதவி எண். உங்களுக்குப் பொருந்துவது தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பெண்கள், குழந்தைகளுக்கான பகுதி. பெயர் வெளியிடாமலும் அங்கே புகாரளிக்கலாம் என்றாலும், குற்றவாளியைப் பிடிக்க வேண்டுமானால் பெயரோடு அளிப்பதே நல்லது என்பது என் கருத்து. மகள் மனம் உடைந்திருந்தால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அழையுங்கள்.

கேட்பவர்: திண்டுக்கல் தாய்

இருவருக்கும் நன்றி. கணக்கு திரும்பக் கிடைத்துவிட்டது, உரையாடலும் அப்படியே இருக்கிறது. அந்த நபர் இதற்குள் பெயரை மாற்றியிருந்தார். பழைய உரையாடல் வழியாகவே அவரது பக்கத்துக்குப் போய் இணைப்பை எடுத்துவிட்டோம். ஒன்று மட்டும் புரியவில்லை. பதின்வயதினரின் கணக்குகள் தாமாகவே மூடியிருக்கும் என்கிறார்களே, இவளுடையது எப்படி எல்லோருக்கும் திறந்திருந்தது?

பதில்: பள்ளிகளில் இணையப் பாதுகாப்பு வகுப்பெடுப்பவர்

கணக்கில் உள்ள பிறந்த ஆண்டைப் பாருங்கள். 13 வயது நிறையாதவர்கள் சேர முடியாது என்பதால், பலர் சேரும்போது வயதைக் கூட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். அப்படியானால் தளம் அவளைப் பெரியவளாகவே கருதும். 18 வயதுக்குட்பட்டோருக்கு 2024 முதல் படிப்படியாக வந்த பாதுகாப்புகள் அவளுக்குக் கிடைத்திருக்காது. உண்மையான ஆண்டைப் பதிந்தால் கணக்கு மூடிய நிலைக்கு வரும். அவள் பின்தொடராதவர்கள் செய்தி அனுப்ப முடியாது. 16 வயதாகும்வரை அந்தக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தப் பெற்றோரின் அனுமதி தேவைப்படும். பள்ளிப் பெயர் தெரியும் சீருடைப் படங்களையும் எடுத்துவிடச் சொல்லுங்கள்; பக்கத்துப் பள்ளி மாணவி என்று அந்த நபர் சொல்லத் துணிந்தது அவற்றைப் பார்த்துத்தான் என்று நினைக்கிறேன்.

கேட்பவர்: திண்டுக்கல் தாய்

2003 என்று இருந்தது. காவல்துறை பார்க்கும்வரை எதையும் மாற்றாமல் வைத்திருக்கிறோம். தளத்தில் புகாரைப் பதிந்துவிட்டேன். நாளை காலை மாவட்ட சைபர் குற்றப் பிரிவுக்கு அவள் அப்பாவே கைப்பேசியை எடுத்துச் செல்கிறார்.