பாதித் தீவு போதும்: இலங்கை போய்வந்த நம்ம பக்கத்துக்காரர்கள் சொல்வது

கானாடுகாத்தானிலிருந்து:

இலங்கைக்கு எத்தனை நாள் வேண்டும், எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்று சொந்தத்தில் நாலைந்து பேர் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட இங்கேயே எழுதிவிடுகிறேன். போய்வந்த மற்றவர்களும் சேர்த்து எழுதினால் அடுத்துப் போகிறவர்களுக்கு உதவும்.

நான் இரண்டு தடவை போயிருக்கிறேன். முதல் தடவை 2019 ஜனவரியில், பொங்கல் விடுமுறையோடு. "ஆறு நாளில் முழு இலங்கை" என்று ஒரு ஏஜென்ட் சொன்னதை நம்பிப் போனோம். மொத்தப் பரப்பே 65,610 சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டில் பாதி, சுற்றிவிடலாம் என்றுதான் நானும் நினைத்தேன். கொழும்பிலிருந்து கண்டி 115 கிலோமீட்டர்தான். வேனில் நாலு மணி நேரம் ஆனது. நுவரெலியா வளைவுகளில் ஆத்தாவுக்கு (அம்மாவுக்கு) வாந்தி. தெற்குக் கடற்கரை ஊரான காலியில் மட்டும் நல்ல வெயில், நல்ல கடல். ஐந்தாம் நாள் திருகோணமலை போய்ச் சேர்ந்தபோது விடாத மழை. கோணேசர் கோவிலைக் குடைக்குள் நின்று அரை மணி நேரம் பார்த்துவிட்டு இறங்கினோம். அந்த மலையிலிருந்து கடலைப் பார்க்க வேண்டும் என்று ஆத்தா எத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்! அன்றைக்குக் கடலே தெரியவில்லை.

கோவிலுக்குக் கீழே ஒரு டீக்கடையில் ஒதுங்கினோம். கடைக்காரர் துண்டு ஒன்றை எடுத்து ஆத்தாவிடம் கொடுத்து, "தலையைத் துடையுங்கோ அம்மா" என்றார். அப்புறம் என்னைப் பார்த்து, "தம்பி, தை மாசத்தில இங்கால வந்திட்டீங்கள். ஆவணியில வந்திருக்க வேணும்" என்றார். ஏஜென்ட் சொல்லாததை அவர் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டார்.

விஷயம் இதுதான். தீவின் நடுவில் மலை நிற்கிறது. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று கொழும்பு, காலி, மலையின் மேற்குச் சரிவு எல்லாவற்றையும் நனைக்கும். அப்போது கிழக்கும் வடக்கும் காய்ந்து கிடக்கும். வடகிழக்குப் பருவத்தில் யாழ்ப்பாணம், திருகோணமலை, மட்டக்களப்பு நனையும். டிசம்பர் பிற்பகுதியிலிருந்து மார்ச் வரை தெற்கும் மேற்கும் அருமையாக இருக்கும். நமக்கு இதை நினைவு வைப்பது சுலபம். நம்ம ஊர்க் கண்மாயை நிரப்புகிற அதே காற்றுதான் யாழ்ப்பாணத்துக் குளங்களையும் நிரப்புகிறது. நமக்கு மழை முடிந்தாலும் அங்கே கிழக்கில் தை வரைக்கும் இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். அதனால் எந்த மாதம் லீவு கிடைக்கிறதோ அதை வைத்துத் தீவில் ஒரு பாதியை எடுத்துக்கொள்ளுங்கள். மறு பாதி இன்னொரு பயணத்துக்கு இருக்கட்டும்.

இரண்டாம் தடவை அப்படித்தான் செய்தேன். 2024 ஆகஸ்ட் கடைசியில், எழுபத்துமூன்று வயது ஆத்தாவோடு, பதினோரு ராத்திரி. யாழ்ப்பாணம் நாலு, திருகோணமலை மூன்று, கண்டி இரண்டு, கொழும்பு இரண்டு. போகும்போது நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல், வரும்போது கொழும்பிலிருந்து திருச்சிக்கு விமானம். அந்த மாதம்தான் கப்பல் மறுபடி ஓட ஆரம்பித்திருந்தது. கப்பலின் பெயர் 'சிவகங்கை'. பெயரைப் படித்ததும் ஆத்தா, "நம்ம சீமைக் கப்பல்ப்பா" என்று கும்பிட்டுக்கொண்டே ஏறினார். நாலு மணி நேரப் பயணம். எல்லா நாளும் ஓடாது, மழைக்காலத்தில் நிறுத்திவிடுவார்கள். அதனால் திரும்புகிற வழியை மட்டும் கப்பலை நம்பி வைக்காதீர்கள்.

யாழ்ப்பாணத்தில் நல்லூர்த் திருவிழா நடந்துகொண்டிருந்தது. ஆடி அமாவாசை கழிந்து ஆறாம் நாள் கொடியேறி இருபத்தைந்து நாள் நடக்கிற விழா. அந்த நாட்களில் அறை கிடைப்பது கஷ்டம், முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். ஆண்கள் மேல்சட்டை இல்லாமல்தான் உள்ளே போக வேண்டும். அர்ச்சனைச் சீட்டு ஒரு ரூபாய். ஒரே ஒரு ரூபாய்! வெளியே வீதியில் வெள்ளை மணல் பரப்பியிருந்தார்கள். சாயங்காலம் ஆத்தா கால் நீட்டி அந்த மணலில் உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் ஒரு அம்மா பேரப்பிள்ளைக்குக் கச்சான் உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். (வேர்க்கடலைக்கு அங்கே கச்சான் என்றுதான் பெயர்.) "எவ்விடத்திலயிருந்து வாறியள்?" என்றார். காரைக்குடிப் பக்கம் என்றதும், "ஓ, செட்டியார்மாற்ற ஊர்" என்று தோலெடுத்த கடலையில் பாதியை ஆத்தா கையில் கொட்டினார். அப்புறம் இரண்டு பேரும் பணியாரத்தைப் பற்றியும் மோதகத்தைப் பற்றியும் ஒரு மணி நேரம் பேசினார்கள். ஒருவர் சொல்வது மற்றவருக்குப் பாதிதான் புரிந்திருக்கும். ஆனால் எழுந்திருக்கும்போது ஆத்தாவைக் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டது அந்த அம்மாதான், நான் இல்லை.

மறுநாள் நயினாதீவு. குறிகட்டுவானிலிருந்து படகு. நாகபூஷணி அம்மன் கோவில் பார்த்துவிட்டு மத்தியானம் அன்னதானம் சாப்பிட்டோம். யாழ்ப்பாண நூலகத்தையும் போய்ப் பார்த்தேன். 1981இல் எரித்தார்களே, அதே நூலகம். இப்போது வெள்ளைக் கட்டடமாக நிற்கிறது. வாசலில் சரஸ்வதி சிலை. நான் அங்கே அதிகம் பேசவில்லை.

திருகோணமலையில் இந்தத் தடவை ஆத்தா கேட்ட கடல் கிடைத்தது. மலைமேல் நின்று பார்த்தால் கீழே நீலம் பச்சையாக மாறுகிற இடம் தெரியும். சம்பந்தர் பாடிய தலம். அவர் பதிகத்திலிருந்து நாலு வரி ஆத்தாவுக்கு மனப்பாடம். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு சத்தமாகவே பாடினார். பழைய டீக்கடைக்காரரைத் தேடினேன். கடை இருந்தது, ஆள் மாறியிருந்தார்.

கண்டிக்குப் போகிற வழியில் பொலன்னறுவைக்குத் திரும்பினோம். சோழர் காலத்துச் சிவன் கோவில் அங்கே இருக்கிறது, ராசராசன் அரசி பெயரால் வானவன் மாதேவீச்சுரம். முழுக்கக் கல்லால் கட்டியது; சுவரில் தமிழ் எழுத்து. சிகிரியாவை விட்டுவிட்டோம், ஆயிரத்துக்கும் மேல் படி. அதில் எனக்கு வருத்தம் இல்லை.

கொழும்பைப் பற்றித்தான் நிறைய எழுத வேண்டும். ஆத்தாவின் அப்பச்சி (அப்பா), எங்க ஐயா, பதினைந்து வயதில் கொழும்பு செட்டியார் தெருவுக்குப் பெட்டியடிப் பையனாக (கடைப் பையனாக) கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து வியாபாரத்துக்கு, போனவர். அடுத்தாள் (மேலாளுக்கு அடுத்தவர்) வரைக்கும் உயர்ந்து ஊர் திரும்பினார். அவர் கொண்டுவந்த தகரப் பெட்டி இன்னும் எங்கள் வீட்டு இரண்டாம் கட்டுக்குள் இருக்கிறது, மூடியில் வெள்ளைப் பெயின்ட்டில் 'கொழும்பு' என்று எழுதியிருக்கும். சின்ன வயதில் ஆத்தா எழுத்துக்கூட்டிப் படித்த முதல் ஊர்ப்பெயரே அதுதானாம்.

செட்டியார் தெரு இப்போது முழுக்க நகைக்கடை. பழைய கதிரேசன் கோவிலும் புதிய கதிரேசன் கோவிலும் அதே தெருவில்தான், நகரத்தார் கட்டியவை. ஆடிவேல் திருவிழாவுக்கு இங்கிருந்துதான் ரதம் புறப்பட்டுப் பம்பலப்பிட்டிக்குப் போகும். கும்பிட்டோம். மறுநாள் ஐயா கடிதங்களில் இருந்த கதவு இலக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தோம். இலக்கமெல்லாம் மாறியிருந்தது. ஒரு நகைக்கடை முதலாளி, தராசைத் துடைத்துக்கொண்டிருந்தவர், கடிதத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு எங்களைப் பக்கத்துச் சந்துக்குக் கூட்டிப் போய், பூட்டிக் கிடந்த ஒரு பழைய கட்டடத்தைக் காட்டினார். "இது செட்டியார்மார் கிட்டங்கி என்று அப்பா சொல்லுவார். உங்கட ஆக்கள்ற கடை இதுதானா என்று சத்தியம் பண்ண மாட்டன்." (கிட்டங்கி என்றால் கடையும் கிடங்குமாக இருந்த இடம்.) மரக்கதவில் வெண்கல வளையம். கை படுகிற இடம் மட்டும் தேய்ந்து பளபளவென்றிருந்தது. ஆத்தா அந்த இடத்தில் விரலை வைத்தார். கொஞ்ச நேரம் எடுக்கவில்லை. அப்புறம் ஓலைக் கொட்டானிலிருந்து சீப்புச்சீடைப் பொட்டலத்தை எடுத்து அந்த முதலாளியிடம் கொடுத்தார். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

கொழும்புக்கு ஒரே ஒரு நாள் போதும் என்று எல்லோரும் சொன்னார்கள். கோவிலில் முதல் நாள் போய்விட்டது. இரண்டாம் நாள் இல்லாவிட்டால் அந்தச் சந்துக்குப் போயிருக்க மாட்டோம்.

தேவகோட்டையிலிருந்து:

அண்ணே, நீங்கள் எழுதியதில் மலைநாடு வளைவும் வாந்தியுமாக மட்டும் வந்துவிட்டது. அதனால் நான் எழுதுகிறேன்.

எங்கம்மா பிறந்தது அட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில். தோட்டத் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்ப இரண்டு நாடும் போட்ட 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு, எழுபதுகளில், தலைமன்னாரில் கப்பலேறி ராமேசுவரத்தில் வந்து இறங்கிய குடும்பம் நாங்கள். அம்மா தவறிய பிறகு, அவர் பிறந்த லயத்தை (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று 2023 பிப்ரவரியில் என் மகளோடு போனேன். பிப்ரவரி மலைக்கு நல்ல மாதம்.

கண்டியிலிருந்து அட்டனுக்கு ரயில். முன்பதிவுச் சீட்டு ஒரு மாதத்துக்கு முன்னால் திறக்கும், திறந்ததுமே தீர்ந்துவிடும். எங்களுக்குக் கிடைக்கவில்லை, மூன்றாம் வகுப்பில் நின்றுகொண்டே போனோம். அதுதான் நல்லதாகப் போயிற்று. நானுஓயா, எல்ல என்று படம் எடுக்கப் போகிறவர்களுக்கு நடுவே கூடையும் பிள்ளையுமாக நம்ம தமிழ் பேசுகிற பெண்கள் நின்றார்கள்.

சிக்கல் என்னவென்றால் அம்மா சொன்ன தோட்டப் பெயர் எந்த மேப்பிலும் இல்லை. அங்கே ஒவ்வொரு தோட்டத்துக்கும் வெள்ளைக்காரன் வைத்த பெயர் ஒன்று, நம்ம ஜனம் வைத்த தமிழ்ப்பெயர் ஒன்று. இரண்டுக்கும் சம்பந்தமே இருக்காது. அட்டன் பஸ் ஸ்டாண்டில் ஒரு பெரியவர், கம்பளிச் சட்டையும் மப்ளருமாக, அந்தத் தமிழ்ப்பெயரைக் கேட்டதும் சிரித்தார். "அப்பிடிச் சொல்ற ஆள் இப்ப கொறவு" என்று எங்களை பஸ்ஸில் ஏற்றிவிட்டு, கண்டக்டரிடம் இறங்க வேண்டிய இடத்தையும் சொன்னார்.

லயத்தில் பத்துப் பன்னிரண்டு வீடு வரிசையாக, ஒரே கூரை. நாங்கள் கேட்ட குடும்பப் பெயர் யாருக்கும் தெரியவில்லை. கொழுந்தை எடைபோட்டுவிட்டு வந்த ஒரு அக்கா, விரல் நுனியெல்லாம் தேயிலைக் கறை கறுப்பாக, எங்களை உள்ளே கூப்பிட்டு வைத்தார். சாயத்தண்ணி போட்டுக் கொடுத்தார், பால் இல்லாமல், சீனியைக் கையில் தனியாக. அந்தச் சீனியை நக்கிக்கொண்டு டீ குடிக்கிற பழக்கம் எங்கம்மாவுக்குச் சாகும்வரை இருந்தது. நாங்கள் எல்லாம் அது அம்மாவின் தனிப் பழக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அங்கே போய்ப் பார்த்தால் வரிசை முழுக்க அப்படித்தான் குடிக்கிறார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த அக்கா ஒன்றும் கேட்கவில்லை, இன்னும் கொஞ்சம் சீனி வைத்தார்.

மலைக்குப் போகிறவர்கள் ஒரு தோட்டத்திலாவது இறங்கி மனுசரோடு பேசிவிட்டு வாருங்கள். 2025 நவம்பர் புயலில் மலைப்பாதைத் தண்டவாளம் பல இடங்களில் சேதப்பட்டது. எதுவரை ரயில் ஓடுகிறது என்று கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

காரைக்குடியிலிருந்து:

கானாடுகாத்தான் அண்ணனுக்கு வணக்கம். நானும் நண்பர்களும் மார்ச்சில் தெற்குப் பாதி மட்டும் போனோம்: கொழும்பு, காலி, மிரிச, கதிர்காமம். காலிக் கோட்டைச் சுவர்மேல் சாயங்காலம் நடப்பது ஒரு சுகம். மிரிசவில் படகேறித் திமிங்கிலம் பார்த்தோம். கதிர்காமத்தில் மாணிக்க கங்கையில் குளித்துவிட்டுப் போனால் சன்னதியில் திரைதான் தெரியும், மூலவர் தெரியாது. முன்னாலேயே தெரிந்துகொண்டு போனால் மனசு ஏங்காது.

ஒன்று சொல்ல வேண்டும். கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் காலியில் கிடைத்த மும்மொழிக் கல்வெட்டு இருக்கிறது. சீனத் தளபதி செங் ஹே வைத்தது, 1409ஆம் வருஷத் தேதி போட்டது. சீனம், பாரசீகம், தமிழ். தமிழ்ப் பகுதியில் தெனவரை நாயனாருக்கு (தென்கரையில் இருந்த விஷ்ணு) கொடுத்த காணிக்கைப் பட்டியல். எழுத்து நிறையத் தேய்ந்துவிட்டது. அங்கே வேலை பார்க்கிற ஒரு சிங்களப் பெண், நாங்கள் தமிழ் என்று தெரிந்ததும், "எந்தப் பக்கம் உங்கள் எழுத்து என்று காட்டுங்கள்" என்று ஆங்கிலத்தில் கேட்டார். நாங்களும் தேடிக் கண்டுபிடித்துக் காட்டினோம். பதிலுக்கு அவர் சிங்களத்தில் 'அம்மா' எழுதிக் காட்டினார்.

பள்ளத்தூரிலிருந்து:

அண்ணே, அடுத்த மாசி மாசம் அப்பத்தாவைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்றிருக்கிறோம். எட்டு நாள்தான் லீவு. அப்பத்தா சைவம். என்ன செய்யலாம்?

கானாடுகாத்தானிலிருந்து:

மாசி என்றால் தெற்கும் மேற்கும் மலையும். கொழும்பு மூன்று, கண்டி மூன்று, காலி ஒன்று. இதற்கு மேல் சேர்க்காதீர்கள் தம்பி. கண்டியிலிருந்து ஒரு பகல் மாத்தளை முத்துமாரியம்மன் கோவிலுக்குப் போய்விட்டு வரலாம்.

சாப்பாட்டில் ஒரு எச்சரிக்கை. தேங்காய்ச் சம்பல், பருப்பு, கீரை எல்லாம் பார்க்கச் சைவம் மாதிரியே இருக்கும். ஆனால் நிறையக் கடைகளில் மாசிக் கருவாட்டுத் தூள் போடுவார்கள். "மாசி போட்டிருக்கா?" என்று ஒவ்வொரு தடவையும் கேளுங்கள். கொழும்பில் சைவக் கடைகள் நிறைய, அங்கே கவலை இல்லை. காலை இடியப்பமும் சொதியும் அப்பத்தாவுக்கு ஒத்துக்கொள்ளும், தேங்காய்ப்பால்தான். பௌர்ணமி நாளுக்குப் போயா என்று பெயர், நாடு முழுக்க விடுமுறை. அன்றைக்கு ரயிலில் கூட்டம் அதிகம், பயணத்தை மறுநாளுக்கு வையுங்கள். பாஸ்போர்ட்டில் ஆறு மாதம் மீதி இருக்கிறதா பாருங்கள். ஈடிஏவை (இணையத்தில் வாங்குகிற பயண அனுமதி) அரசாங்கத் தளத்தில் மட்டும் போடுங்கள்.

உங்கள் வளவு வீட்டிலும் கொழும்புக் கடிதம் ஏதாவது கிடக்கும், அப்பத்தாவிடம் கேட்டுப் பாருங்கள். இருந்தால் படம் எடுத்து அனுப்புங்கள். அந்த நகைக்கடை முதலாளியிடம் எந்தச் சந்து என்று கேட்டுச் சொல்கிறேன்.