சான்றிதழ்கள் சேர்கின்றன, வகுப்பறை மாறவில்லை: எந்தப் பயிற்சியைத் தேர்ந்தெடுப்பது?

கேள்வி: புதிய தலைமையாசிரியர்

அனைவருக்கும் வணக்கம். நான் தலைமையாசிரியராகப் பொறுப்பேற்று இது இரண்டாவது கல்வியாண்டு. எங்கள் பள்ளியில் 34 ஆசிரியர்கள் பணியாற்றுகிறார்கள். பயிற்சிக்கு அழைக்கும் சுற்றறிக்கைகளுக்கும் மின்னஞ்சல்களுக்கும் குறைவில்லை. ஒருநாள் பணிமனை, இணையவழிச் சான்றிதழ் வகுப்பு, விடுமுறைக் கால முகாம், செயற்கை நுண்ணறிவு பற்றிய இரண்டு மணி நேர உரை என்று ஏதாவது ஒன்று வந்துகொண்டே இருக்கிறது.

சென்ற ஆண்டு, வகுப்பில் கேள்வி கேட்கும் உத்திகள் குறித்த ஒருநாள் பயிற்சியில் எல்லா ஆசிரியர்களையும் பங்கேற்கச் செய்தேன். கருத்தாளர் நன்றாகவே பேசினார். மாலையில் நிரப்பித் தந்த படிவங்களில் பெரும்பாலோர் ‘மிகவும் பயனுள்ளதாக இருந்தது’ என்றே எழுதியிருந்தார்கள். ஆறு வாரங்கள் கழித்து வகுப்புகளுக்குச் சென்று பார்த்தபோது, முதலில் கை தூக்கும் அதே ஐந்தாறு மாணவர்களிடமே விடை கேட்கும் வழக்கம் சிறிதும் மாறியிருக்கவில்லை. ஆசிரியர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, ஏனெனில் நான் ஆசிரியராக இருந்தபோதும் இப்படித்தான் பயிற்சிகளுக்குப் போய்வந்தேன்.

நல்ல பயிற்சியை முன்கூட்டியே எப்படி அடையாளம் காண்பது? அது பயன் தந்ததா என்பதை எதைக் கொண்டு அறிவது? தலைமையாசிரியராகிய நான் என்ன கற்றுக்கொள்ள வேண்டும்?

பதில் 1: பயிற்சி ஒருங்கிணைப்பாளர்

வணக்கம் ஐயா. தங்கள் இரண்டாவது கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் அதற்கான விடை தெளிந்தால் முதல் கேள்விக்கும் பாதி விடை கிடைத்துவிடும். ஆசிரியர் பயிற்சியை மதிப்பிடுவது பற்றி விரிவாக எழுதிய தாமஸ் கஸ்கி, 2000ஆம் ஆண்டில் ஐந்து படிநிலைகளை முன்வைத்தார்: பங்கேற்றவர்களுக்கு அது பிடித்திருந்ததா, அவர்கள் எதையாவது கற்றார்களா, கற்றதைச் செய்து பார்க்கப் பள்ளி இடம் கொடுத்ததா, உண்மையில் வகுப்பில் செய்தார்களா, அதனால் மாணவர்களுக்கு என்ன கிடைத்தது. தங்கள் கருத்துப் படிவம் முதல் படியை மட்டுமே அளந்திருக்கிறது. பிடித்திருந்தது என்று அவர்கள் எழுதியதும் உண்மை, வகுப்பு மாறவில்லை என்று தாங்கள் கண்டதும் உண்மை.

திட்டமிடும்போது இந்தப் படிகளைத் தலைகீழாக இறங்கி வர வேண்டும் என்பது கஸ்கியின் அறிவுரை. ‘என்ன பயிற்சி கிடைக்கிறது’ என்று தேடுவதற்கு முன், ‘எங்கள் மாணவர்களிடம் எது மாற வேண்டும்’ என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அந்த வாக்கியத்தோடு பொருந்தாத அழைப்பு எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும் அதை ஒதுக்கிவிடலாம்.

பயிற்சி தருபவரிடம் நான் தவறாமல் கேட்பவை இரண்டு. ஆசிரியர்கள் அங்கேயே செய்து பார்ப்பது எது? அவர்கள் வகுப்புக்குத் திரும்பிய பின் யார் தொடர்ந்து உடன் வருவார்? அமெரிக்காவில் 2007இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு, 1,300க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் திரட்டி, அவற்றில் கடுமையான ஆய்வுத் தரத்தை எட்டிய ஒன்பதை மட்டும் எடுத்துக்கொண்டது. மொத்தம் 14 மணி நேரத்துக்கு மேல் நீண்ட பயிற்சிகளில் மாணவர் அடைவில் முன்னேற்றம் தெரிந்தது. 5 முதல் 14 மணி நேரம் வரையிலான பயிற்சிகளில் குறிப்பிடத்தக்க விளைவு தென்படவில்லை. தங்கள் ஒருநாள் பயிற்சி இந்த எல்லைக்குள்தான் விழுகிறது.

உள்ளடக்கத்தையும் சற்றுச் சோதித்துப் பாருங்கள். மாணவர்களைக் காட்சிவழிக் கற்போர், செவிவழிக் கற்போர் என்று பிரித்துக் கற்பிக்கச் சொல்லும் பயிற்சிகள் இன்றும் விலைபோகின்றன. அவ்வாறு பிரித்துக் கற்பிப்பதால் பயன் உண்டு என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று உளவியலாளர்களின் மீளாய்வு ஒன்று 2008லேயே தெரிவித்துவிட்டது.

பதில் 2: மூத்த கணித ஆசிரியர்

ஒருங்கிணைப்பாளர் கூறியதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் மணிக்கணக்கை அளவுகோலாக்கிவிட்டால், நாளை யாராவது அதே உரையை மூன்று நாளாக நீட்டித் தருவார்கள் என்பது என் அச்சம். ஆசிரியரின் வகுப்புக்கே வந்து பார்த்துத் தனித்தனியாக வழிகாட்டும் முறை குறித்த 60 ஆய்வுகளைத் தொகுத்த ஓர் ஆய்வு 2018இல் வெளிவந்தது. அந்த முறை கற்பித்தலை மேம்படுத்துகிறது என்றும், மாணவர் அடைவில் அதைவிடச் சிறிய, ஆயினும் தெளிவான பலன் உண்டு என்றும் அது கண்டது. வழிகாட்டும் நேரம் கூடியதால் பலன் கூடியது என்பதற்கு அதில் சான்று கிடைக்கவில்லை. திட்டம் நூற்றுக்கும் மேற்பட்ட ஆசிரியர்களுக்கு விரிந்தபோது பலன் குறைந்தது. ஆகவே 34 பேரையும் ஒரே நாளில் மாற்ற முயலாமல், மனமுவந்து முன்வரும் நான்கு பேரிடம் தொடங்குங்கள்.

அந்த நால்வருக்கும் மிகச் சிறிய ஒரு செயலைக் கொடுங்கள். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் விடைக்காகக் காத்திருப்பது பெரும்பாலும் ஒரு விநாடி அல்லது அதற்கும் குறைவு என்பதை அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் பதிவு செய்தார். அதை மூன்று விநாடிகளாக்கினாலே மாணவர்களின் விடைகள் நீண்டன. வாய் திறக்காதவர்களும் பேசத் தொடங்கினார்கள். மூன்று விநாடி மௌனம் வகுப்பின் முன் நிற்பவருக்கு எவ்வளவு நீளமானது என்பது செய்து பார்த்தால்தான் தெரியும். எனக்கு அது பழக ஒரு பருவம் முழுவதும் தேவைப்பட்டது.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். தாங்கள் கையில் குறிப்பேட்டுடன் வகுப்புக்குள் நுழைந்தால், அது பணி மதிப்பீடு என்றே எங்களைப் போன்றவர்கள் எண்ணுவோம். அன்றைக்கு மட்டும் நடத்திக் காட்டுவதற்கென்று ஒரு பாடத்தைத் தயாரித்து வைத்திருப்போம். கற்றுக்கொள்வதற்கான உற்றுநோக்கலையும் மதிப்பீட்டுக்கான உற்றுநோக்கலையும் வெவ்வேறு படிவங்களில், இயலுமானால் வெவ்வேறு நபர்களிடம் வையுங்கள். ஜப்பானியப் பள்ளிகளில் நெடுங்காலமாக வழக்கத்தில் உள்ள பாட ஆய்வு முறையில், ஒரு பாடத்தைப் பல ஆசிரியர்கள் கூடித் திட்டமிடுகிறார்கள். ஒருவர் நடத்துகிறார், மற்றவர்கள் மாணவர்களையே கவனிக்கிறார்கள். பாடம் எல்லோருக்கும் பொதுவானது என்பதால், பின்னர் நடக்கும் உரையாடலில் நடத்தியவர் குற்றவாளிக் கூண்டில் நிற்பதில்லை.

பதில் 3: கால அட்டவணைப் பொறுப்பில் உள்ள துணை முதல்வர்

இவை எல்லாவற்றுக்கும் நேரம் எங்கே என்பதுதான் அடுத்து எழும் கேள்வி. பள்ளி நேரத்துக்குப் பின் ஆசிரியர்களை நிறுத்திவைத்தால் இரண்டாவது வாரத்திலேயே ஆர்வம் வடிந்துவிடும். ஆண்டின் தொடக்கத்தில் கால அட்டவணை போடும்போதே, ஒரே பாடம் கற்பிக்கும் நால்வருக்கு வாரத்தில் ஒரு பாடவேளை பொதுவாக ஓய்வாக அமையும்படி பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு திருத்த முயன்றால் ஒன்றைத் தொட ஒன்பது கலையும். அந்தப் பாடவேளையில் அவர்களை மாற்று வகுப்புக்கு அனுப்பாமல் இருப்பது தங்கள் கையில்தான் இருக்கிறது. வாராந்தர ஆசிரியர் கூட்டத்தில் படிக்கப்படும் அறிவிப்புகளை எழுத்தில் அனுப்பிவிட்டால், அந்த நேரமும் கற்றலுக்கு மிஞ்சும்.

தங்கள் மூன்றாவது கேள்விக்கு: பள்ளித் தலைமைக்கும் மாணவர் அடைவுக்கும் உள்ள தொடர்பை விவியன் ராபின்சனும் உடன் ஆய்வாளர்களும் 2008இல் தொகுத்துப் பார்த்தபோது, அவர்கள் வகுத்த ஐந்து தலைமைக் கூறுகளில் மிகப் பெரிய விளைவு, ஆசிரியர்களின் கற்றலை ஊக்குவித்து அதில் தலைவரும் நேரடியாகப் பங்கேற்பதில் தென்பட்டது. நிர்வாக வகுப்புகளுக்குச் செல்வதைத் தடுக்கவில்லை. ஆனால் அந்த நால்வரோடு தாங்களும் ஒரு வகுப்பை எடுத்து, மூன்று விநாடி காத்திருந்து பாருங்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. எட்டாம் வகுப்புக்குக் கற்பிக்கும் நால்வரிடம் பேசினேன். மூவர் இசைந்தார்கள், ஒருவர் யோசித்துச் சொல்வதாகக் கூறினார். ‘ஒரு பாடவேளையில் குறைந்தது பதினைந்து வெவ்வேறு மாணவர்கள் வாய் திறந்து விடை கூற வேண்டும்’ என்பதே எங்கள் ஒற்றை வாக்கியம். இன்னும் ஓர் ஐயம் உண்டு: பதவி உயர்வுக்குச் சான்றிதழ் மணிக்கணக்கு கேட்கப்படுகிறது. அதை எப்படிச் சமாளிப்பது?

பதில் 4: பயிற்சி ஒருங்கிணைப்பாளர்

அந்தக் கணக்கிலிருந்து முற்றிலும் தப்ப இயலாது. இந்தியாவின் தேசியக் கல்விக் கொள்கை 2020, ஒவ்வோர் ஆசிரியரும் தலைமையாசிரியரும் ஆண்டுக்குக் குறைந்தது 50 மணி நேரத் தொழில்முறை வளர்ச்சியில் பங்கேற்க வேண்டும் என்கிறது. சிங்கப்பூரில் ஆசிரியர்களுக்கு ஆண்டுக்கு 100 மணி நேரம் வரை பயிற்சி பெற உரிமை உண்டு. பள்ளிக்குள் கூடித் திட்டமிட்ட பாடங்களையும் இந்தக் கணக்கில் சேர்க்க இயலுமா என்று தங்கள் மேலதிகாரியிடம் எழுத்தில் கேளுங்கள். அதற்கு வசதியாக, நாள், பாடம், பங்கேற்றவர்கள், அடுத்து மாற்ற முடிவு செய்தது ஆகியவற்றை ஒரே பக்கத்தில் இப்போதிருந்தே பதிந்து வாருங்கள். மீதி மணிகளுக்கு, தங்கள் ஒற்றை வாக்கியத்தோடு பொருந்தும் இணையவழி வகுப்பைத் தேர்ந்து, இசைந்த மூவரையும் அதே வகுப்பில் சேர்த்துவிடுங்கள். தனியாகப் படித்தால் பாதியில் விட்டுவிடுவது எளிது. யோசித்துச் சொல்வதாகக் கூறிய நான்காமவரை வற்புறுத்த வேண்டாம். மற்ற மூவரின் வகுப்புகளை வந்து பார்க்க மட்டும் அழையுங்கள்.