அம்மாவின் லைஃப் சர்டிபிகேட்டில் ‘மறுமணம்: ஆம்’ என்று பதிவாகிவிட்டது, எப்படிச் சரிசெய்வது?

கொருக்குப்பேட்டைக்காரி:

வணக்கம். என் அம்மாவுக்காகக் கேட்கிறேன். பிஎஃப் பென்ஷன் விவரம் தெரிந்தவர்கள் தயவுசெய்து வழி சொல்லுங்கள்.

அப்பா மணலியில் ஒரு கம்பெனியில் வேலையில் இருக்கும்போதே இறந்துவிட்டார். அதிலிருந்து அம்மாவுக்கு விதவை பென்ஷன் வருகிறது. ஆயிரத்துச் சொச்சம்தான். ஆனால் சுகர் மாத்திரையும் சிலிண்டரும் அதில்தான் ஓடுகிறது. “உங்கப்பா குடுக்குற காசு” என்றுதான் அம்மா சொல்வார், பென்ஷன் என்று சொல்லவே மாட்டார்.

பென்ஷன் வாங்குபவர் உயிரோடு இருக்கிறார் என்று காட்டும் லைஃப் சர்டிபிகேட்டை வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும் இல்லையா, அதற்காகப் பக்கத்தில் ஒரு பிரவுசிங் சென்டருக்கு அழைத்துப் போனேன். அம்மா காசிமேட்டில் வருஷக்கணக்கில் இறால் உரித்தவர். விரல் நுனியில் ரேகை மழுங்கிப் போயிருக்கிறது. கட்டைவிரல் எடுக்கவில்லை, ஆள்காட்டி விரல் எடுக்கவில்லை. கையைக் கழுவிவிட்டு வரச் சொன்னார்கள். முந்தானையில் துடைத்து, நெற்றியில் தேய்த்து மறுபடி வைத்தார். பின்னால் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். கடைசியில் இடது கை மோதிர விரலுக்குத்தான் எடுத்தது. அந்த அவசரத்தில் கடையில் இருந்தவர் திரையில் கடகடவென்று அழுத்தி முடித்துவிட்டார். எங்களிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

இந்த மாதம் பணம் வரவில்லை. அவர் கொடுத்த பிரின்ட்டை எடுத்துப் பார்த்தால், மறுமணம் செய்துகொண்டாரா என்ற இடத்தில் ‘ஆம்’ என்று இருக்கிறது. கடையில் போய்க் கேட்டேன். “விடுங்கக்கா, அடுத்த வருஷம் சரியா போட்டுக்கலாம்” என்கிறார்.

அம்மா அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. “இந்த வயசுல என்னைப் பத்தி இப்படி எழுதி வச்சிருக்காங்களே” என்று அதையே சொல்லிக்கொண்டிருக்கிறார். பொய்த் தகவல் கொடுத்ததாகக் கேஸ் போடுவார்களோ என்றும் பயப்படுகிறார். இதைத் திருத்த முடியுமா? அடுத்த வருஷம் வரை காத்திருக்கத்தான் வேண்டுமா?

ராயபுரம் பாய்:

அக்கா, கவலைப்படாதீர்கள். லைஃப் சர்டிபிகேட் எல்லோரும் நவம்பரில்தானே கொடுப்பார்கள். எங்கள் மாமா ரயில்வே பென்ஷன், நவம்பரில்தான் போடுவார். அதுவரை பொறுத்துப் புதிதாகப் போட்டுவிடுங்கள்.

பெரம்பூர் பெரியவர்:

பாய் சொல்வது அரசு ஊழியர் பென்ஷனுக்குச் சரி. இது 1995ஆம் வருஷத்துப் பிஎஃப் பென்ஷன் திட்டம். இதற்கு நவம்பர் கணக்கு இல்லை. எந்த மாதம் வேண்டுமானாலும் போடலாம், போட்ட நாளிலிருந்து ஒரு வருஷம் செல்லும். ஆகவே ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம் அம்மா.

நான் ஒரு தனியார் ஆலையில் டைம் ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் ஆட்களின் விதவைகளுக்குப் பென்ஷன் தாள்கள் நிறைய எழுதிக் கொடுத்திருக்கிறேன். முதலில் அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள்: கேஸ் எதுவும் வராது. உரிமை இல்லாத பணத்தை மறைத்து வாங்கினால்தான் குற்றம். இங்கே வரவேண்டிய பணமே நின்றிருக்கிறது. இந்தத் திட்டத்தில் விதவை மறுமணம் செய்தால் அவருடைய பென்ஷன் நின்றுவிடும், அதனால்தான் அந்த ஒரு ‘ஆம்’ இவ்வளவு வேலை செய்துவிட்டது. உங்கள் அம்மாவைப் பற்றி யாரும் எதுவும் எழுதவில்லை, கடைக்காரர் தவறான கட்டத்தை அழுத்தியிருக்கிறார். அவ்வளவுதான்.

போட்ட சான்றைத் திருத்த வழி கிடையாது. சரியான விவரத்தோடு புதிதாக இன்னொன்று போட வேண்டும். அதற்கு வேறு பிரமாண் எண், அதாவது சான்றின் அடையாள எண், வரும். அங்கே இரண்டு கேள்விகள் அடுத்தடுத்து இருக்கும்: மறுபடி வேலையில் சேர்ந்தாரா, மறுமணம் செய்துகொண்டாரா. இரண்டுக்கும் ‘இல்லை’. பென்ஷன் வகையில் குடும்ப பென்ஷன் என்று இருக்க வேண்டும். ஒரு இடத்தில் அவசரப்பட்டவர் மற்ற இடங்களிலும் அவசரப்பட்டிருப்பார், அதனால் பிபிஓ எண்ணையும் (பென்ஷன் உத்தரவு எண்) வங்கிக் கணக்கு எண்ணையும் பழைய தாளோடு ஒவ்வொரு இலக்கமாக ஒத்துப் பாருங்கள். விரல் வைப்பதற்கு முன்னால் திரையில் இருப்பதைச் சத்தமாகப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். அது உங்கள் உரிமை.

புதுச் சான்று போட்டதோடு நின்றுவிடாதீர்கள். பென்ஷன் வழங்கும் பிஎஃப் அலுவலகத்துக்கு வெள்ளைத் தாளில் ஒரு கடிதம் எழுதுங்கள். கணவர் பெயர், பிபிஓ எண், தவறான சான்றின் பிரமாண் எண், புதுச் சான்றின் பிரமாண் எண், “நான் மறுமணம் செய்துகொள்ளவில்லை, பதிவு செய்தவரின் தவறால் அப்படிப் பதிவாகிவிட்டது, நின்ற மாதத்திலிருந்து நிலுவையோடு வழங்க வேண்டுகிறேன்” என்று அம்மா கையெழுத்து அல்லது கைநாட்டு. ஆதார் நகல், பாஸ்புக் முதல் பக்க நகல், இரண்டு சான்றுகளின் நகல் இணையுங்கள். உங்கள் கையில் இருக்கும் நகலில் தேதியோடு சீல் வாங்காமல் வெளியே வராதீர்கள். தவறான தாளைக் கோபத்தில் கிழித்துவிட வேண்டாம், அதுதான் சாட்சி.

எண்ணூர் பையன்:

அக்கா, அம்மாவை மறுபடி கடைக்கு அழைத்துப்போக வேண்டாம். விரல் இல்லாமல் முகத்தை வைத்தே போடலாம். ஆண்ட்ராய்டு போனில் மத்திய அரசின் உமாங் செயலியும் ஆதார் ஃபேஸ் ஆர்டி செயலியும் இறக்குங்கள். உமாங்கில் ஜீவன் பிரமாண், அதாவது லைஃப் சர்டிபிகேட் பகுதிக்குப் போனால் ஓடிபி வரும். எங்கள் ஆயாவுக்கு வீட்டிலேயே நான்தான் போட்டேன். வெளிச்சம் முகத்தில் விழ வேண்டும், முதுகுப் பக்கம் ஜன்னல் இருந்தால் எடுக்காது. கண்ணாடியைக் கழற்றிவிடுங்கள். கண்ணைச் சிமிட்டச் சொல்லும், மெதுவாகச் சிமிட்டினால் போதும். கேள்விகளை நீங்களே படித்து நிரப்பலாம், அதுதான் பெரிய நிம்மதி.

அது சரிவராவிட்டால் போஸ்ட் ஆபீஸில் சொன்னால் தபால்காரர் வீட்டுக்கே வந்து எடுப்பார்.

தண்டையார்பேட்டை தேவி:

இடையில் ஒரு விஷயம். படிக்கிறவர்கள் இதைத் தாலுகா ஆபீஸ் பென்ஷனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். மாநில அரசு மாதாமாதம் கொடுக்கும் ஆதரவற்ற விதவை ஓய்வூதியம் வேறு. அதில் பிரச்சினை என்றால் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி தாசில்தாரைப் பார்க்க வேண்டும். எங்கள் பக்கத்து வீட்டம்மா பிஎஃப் தாளை எடுத்துக்கொண்டு தாலுகா ஆபீஸ் வாசலில் காலையிலிருந்து வெயிலில் நின்றுவிட்டு வந்தார். பாவம், யாரும் முன்னாலேயே சொல்லவில்லை.

கொருக்குப்பேட்டைக்காரி:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. பெரியவர் எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். “கேஸ் வராது” என்ற இடத்தை மறுபடி படிக்கச் சொன்னார். அப்புறம் இரண்டு தோசை சாப்பிட்டார்.

தம்பி சொன்னபடி வாசல் திண்ணையில் உட்காரவைத்து முகத்தை வைத்தே போட்டாகிவிட்டது. ஒவ்வொரு கேள்வியையும் தமிழில் சொல்லி, அம்மா பதில் சொன்ன பிறகுதான் அழுத்தினேன். மறுமணக் கேள்வி வந்ததும் “இல்லைன்னு போடு, நல்லாப் பாத்துப் போடு” என்று போனை எட்டிப் பார்த்தார். கடிதம் கொடுத்துச் சீலும் வாங்கிவிட்டேன். உள்ளே இருந்தவர் “பார்க்கிறோம்” என்று மட்டும் சொன்னார். இதோடு நான் சும்மா இருக்கலாமா?

பெரம்பூர் பெரியவர்:

நல்ல வேலை செய்தீர்கள் அம்மா. சும்மா மட்டும் இருக்க வேண்டாம். பிஎஃப்காரர்களின் குறைதீர்ப்புத் தளம் இருக்கிறது, இபிஎஃப்ஐஜிஎம்எஸ் என்று தேடினால் வரும். அதில் பென்ஷனர் என்று தேர்ந்தெடுத்து, பிபிஓ எண் கொடுத்து, இதே கடிதத்தை ஏற்றுங்கள். பதிவு எண் ஒன்று வரும், அதைக் கடிதத்தின் நகலிலேயே எழுதி வையுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால், ஒவ்வொரு மாதமும் 27ஆம் தேதி ‘நிதி ஆப்கே நிகட்’ என்று மாவட்டந்தோறும் முகாம் நடத்துகிறார்கள். அன்று விடுமுறையாக இருந்தால் அடுத்த வேலை நாளில் நடக்கும். பெயர் இந்தியில் இருந்தாலும் தமிழில் பேசலாம். அங்கே அம்மாவையும் அழைத்துப் போங்கள். நேரில் பார்த்தால் பதில் சொல்லியாக வேண்டும்.

பணம் வந்ததும் பாஸ்புக்கில் என்ட்ரி போட்டுப் பாருங்கள். அந்த மாதத் தொகை மட்டும் வந்திருக்கிறதா, நின்றுபோன மாதமும் சேர்ந்திருக்கிறதா என்று கணக்குப் பாருங்கள். சில பேருக்கு நிலுவை தனியாகப் பின்னால் வந்ததைப் பார்த்திருக்கிறேன். வராவிட்டால் அதே பதிவு எண்ணைக் குறிப்பிட்டு மறுபடி எழுதுங்கள், நான் வாசகம் எழுதித் தருகிறேன்.

கொருக்குப்பேட்டைக்காரி:

சரி ஐயா. இன்றைக்கே ஏற்றிவிடுகிறேன்.