பொருள்: ரூட் ஸ்கிரீன் – தமிழில் என்ன?

நண்பர்களே,
இங்கிலாந்தின் இடைக்காலப் பங்குக் கோயில்கள் (ஊர்ப்பகுதிக்கான கிறிஸ்தவத் தேவாலயங்கள்) பற்றிய கட்டுரை ஒன்றைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்குள் கொடுத்தாக வேண்டும். நார்ஃபோக்கின் ரான்வொர்த் ஊரில், புனித ஹெலன் கோயிலில் 15ஆம் நூற்றாண்டு ரூட் ஸ்கிரீன் இருக்கிறது ('ரூட்' என்றால் சிலுவை, 'ஸ்கிரீன்' என்றால் திரை). மக்கள் கூடும் நடுக்கூடத்தையும் பீடப்பகுதியையும் பிரிக்கும் மரத்தடுப்பு அது. கீழே அடைத்த பலகையில் புனிதர் ஓவியங்கள், மேலே திறந்த செதுக்கு வேலை. 'சிலுவைத் திரை' சரிவருமா?
– மு.

திரை வேண்டாம். திரை என்றால் துணிதான் மனத்தில் வரும், இது மரம். எங்கள் கோயிலில் பீடத்துக்கு முன்னுள்ள கிராதியடியில் (இடைவெளி விட்ட சட்டத் தடுப்பு) முழந்தாளிட்டு நன்மை (நற்கருணை) வாங்கிய எவருக்கும் 'சிலுவைக் கிராதி' விளக்கமில்லாமல் புரியும்.
– அ.

கிராதி போர்த்துக்கீசியச் சொல் ஐயா. அதே பொருளில் நம்மிடம் 'அளி' இருக்கிறதே! பீடப்பகுதிக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'சான்சல்' என்ற பெயரே இலத்தீன் 'கேன்செல்லி', அதாவது அளி, என்பதிலிருந்து வந்ததுதான். நீதிமன்ற அளியருகே நின்ற அலுவலரே பிறகு 'சான்சலர்' ஆனார். ஆகவே தடுப்பு 'சிலுவை அளி', பீடப்பகுதி 'அளியகம்'.
– க.

அளி என்றால் சங்கப் பாடல் படித்தவருக்கு இரக்கம், மற்றவருக்கு 'கொடு'. அப்புறம், 'சிலுவை'யே சிரியாக்கிலிருந்து வந்ததுதானே? அதை வைத்துக்கொண்டு கிராதியை மட்டும் விரட்டுவது நியாயமில்லை.
– அ.

எல்லோரும் தடுப்பையே பார்க்கிறீர்கள். 'ரூட்' அதற்கு மேலே நின்றது: பாடுபட்ட சுரூபம் (சிலுவையில் அறையப்பட்ட இயேசுவின் சிலை), இருபுறமும் மாதாவும் அருளப்பரும் (யோவான்). சீர்திருத்தச் சபை மன்னரான ஆறாம் எட்வர்ட் காலத்தில் சுரூபங்களை இறக்கினார்கள். 1561இல் அரசி முதலாம் எலிசபெத்தின் ஆணை தடுப்பின் மேலிருந்த மாடத்தையும் எடுக்கச் சொன்னது, தடுப்பை மட்டும் விட்டுவைத்தது. பல கோயில்களில் அந்த மாடத்துக்குச் சுவருக்குள் ஏறும் படிக்கட்டு இன்றும் எங்கும் போய்ச் சேராமல் நிற்கிறது. சிலுவை இல்லாத இடத்தைச் சிலுவைக் கிராதி என்றால் வாசகர் தேடுவார். இன்னொன்று: அக்காலத்தில் பொதுவாகப் பீடப்பகுதியைப் பழுதுபார்ப்பது ரெக்டரின் (பங்கின் தசமபாக வருமானம் பெற்றவர்) கடமையாகவும், நடுக்கூடம் பங்கு மக்களின் பொறுப்பாகவும் இருந்தது. ஆகத் தடுப்பு செலவுக்கும் எல்லையாக இருந்தது. 'பீடத்தடுப்பு' போதும்.
– தெ.

'பீடத்தடுப்பு' என்றால் சிலுவை இல்லாத வேறு தடுப்புகளும் அதில் அடங்கிவிடும். அ. சொன்னதுபோல் கிராதி விளக்கமில்லாமல் புரியும் என்பதால் 'சிலுவைக் கிராதி' என்றே போடுகிறேன், தெ. சொன்ன வரலாறு அடிக்குறிப்பில் வரும்.
– மு.

எனக்கு உடன்பாடில்லை. கேன்செல்லிக்கு நேரான தமிழ்ச்சொல்லைக் கைவிடுகிறோம். 'அளிபாய்ச்சுதல்' (கிராதி அமைத்தல்) பற்றித் தனி மடல் எழுதுகிறேன்.
– க.