மறு: மறு: பார்மசி டெக்னீஷியன் – தமிழில் எப்படிச் சொல்ல?

குழுவினருக்கு வணக்கம்.

வெள்ளிக்கிழமைக்குள் நாலு பக்கத் துண்டறிக்கை ஒன்று அச்சுக்குப் போகவேண்டும். லண்டன் ஹாரோவில் தமிழ்ப் பள்ளிக்கு வரும் பெற்றோருக்கானது. பார்மசி டெக்னீஷியன் ஆவதற்கு என்ன படிக்கவேண்டும் என்று சொல்வது. இங்கே மூன்று படிகள். மேலே பார்மசிஸ்ட். கீழே மருந்தை எடுத்து லேபிள் ஒட்டும் டிஸ்பென்சர். நடுவில் இவர். இரண்டாண்டு மேற்பார்வையில் வேலை, கூடவே மூன்றாம் நிலைத் (லெவல் 3) தகுதிப் படிப்பு, பிறகு மருந்தகத் துறையை ஒழுங்குபடுத்தும் ஜி.பி.எச்.சி. அமைப்பின் பதிவேட்டில் பெயர். 2011 ஜூலையிலிருந்து பதிவில்லாத யாரும் அந்தப் பதவிப்பெயரைப் போட்டுக்கொள்ள முடியாது. நான் 'மருந்தாளுநர் உதவியாளர்' என்று எழுதிவைத்தேன். அதே வேலை பார்க்கும் என் மைத்துனி, "உதவியாளருக்கு எதற்குப் பதிவு?" என்கிறாள். நல்ல சொல் தந்து உதவுங்கள்.
– தி., ஹாரோ

---

தி. அவர்களுக்கு,

தமிழ்நாட்டில் இந்தச் சிக்கல் எழவில்லை, காரணம் அந்த நடுப்படியே இங்கே கிடையாது. பிளஸ் டூவுக்குப் பின் இரண்டாண்டு டி.பார்ம்., 500 மணி நேரம் மருந்தகப் பயிற்சி, பார்மசி கவுன்சிலில் பதிவு. 1948-ஆம் ஆண்டுச் சட்டப்படி அவர் முழு மருந்தாளுநர். வகுப்பில் 'டெக்னீஷியன்' என்றால் பிள்ளைகள் லேப் டெக்னீஷியன் என்றுதான் எடுத்துக்கொள்கிறார்கள். 'மருந்தகத் தொழில்நுட்பர்' போடலாமே.
– ம., கோவை

---

> மருந்தகத் தொழில்நுட்பர்

நுட்பம் பண்புப்பெயர். 'நுட்பர்' என்றால் நுண்ணியர் என்றுதான் பொருள்படும். தொழில் செய்பவர் என்று எப்படி வரும்? செய்பவரைக் குறிக்க வினையடி வேண்டும்: ஆள் – ஆளுநர், ஓட்டு – ஓட்டுநர். (ஓட்டுனர் என்று எழுதுபவர்களோடு எனக்குப் பேச்சில்லை.) ஐ.டி.ஐ.க்காரர்களுக்குக் 'கம்மியர்' என்ற சங்கச் சொல் இருக்கிறது. ஆனால் மருந்துக் கம்மியர் என்றால் கையில் ஸ்பேனர் தெரியும்.

வள்ளுவரிடம் போவோம். குறள் 950: "உற்றவன் தீர்ப்பான் மருந்துழைச் செல்வானென்று / அப்பால்நாற் கூற்றே மருந்து." நோயாளி, மருத்துவர், மருந்து, நாலாவதாக உழைச்செல்வான். 'உழை' என்றால் பக்கம். பரிமேலழகர் அவனை 'அதனைப் பிழையாமல் இயற்றுவான்' என்கிறார். என் பரிந்துரை: மருந்துழையர்.
– சு., தஞ்சாவூர்

---

சு. ஐயா, அந்தக் குறளைச் செவிலியர்கள் எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டார்கள். மேலும், 'மருந்துழையர்' என்று படிக்கும் தாய் 'மருந்து ஊழியர்' என்பதில் அச்சுப்பிழை என்று நினைப்பாள்.
– ம.

---

எங்கட ஊரில பார்மசிஸ்டை மருந்தாளர் எண்டு சொல்லுவினம். முந்தி கொம்பவுண்டர், அதுக்கும் முந்தி அப்போதிக்கரி. மானிப்பாயில 19-ஆம் நூற்றாண்டிலேயே மருத்துவத்தைத் தமிழில படிப்பிச்ச சாமுவேல் கிறீன் வேதியியல் நூலுக்குக் 'கெமிஸ்தம்' எண்டுதான் பெயர் வைச்சவர். அவருக்கே ஒலிபெயர்ப்பில வெட்கம் இல்லை, எங்களுக்கென்ன? டெக்னீஷியன் எண்டே விடுங்கோ. எனக்கு ஒரு சந்தேகம்: கொம்பவுண்டரும் வீட்டுக் கொம்பவுண்டுச் சுவரும் ஒரே வேரோ?
– க., யாழ்ப்பாணம்

---

இல்லைங்க. கலப்பவர் என்ற கம்பவுண்டர் லத்தீன் வழி. சுவர்க் காம்பவுண்டு மலாய் 'கம்போங்'கிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். நாங்கள் இங்கே கிராமத்தையே கம்பம் என்கிறோம். கொடிக்கம்பத்துக்கும் இதற்கும் உறவில்லை, அதற்கு இன்னொரு இழை திறக்கவேண்டாம்.
– வீ., கிள்ளான்

---

கம்பம் – கம்பு – கொம்பு என்ற வேர்வரிசையை அப்படி எளிதில் தள்ள முடியாது. தனி மடலில் விரிவாக எழுதுகிறேன்.
– சு.

---

வணக்கம். நான்தான் முகம் சுளித்த மைத்துனி.

வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். இந்த மருந்து இந்த நோயாளிக்குப் பொருந்துமா என்று பார்ப்பது பார்மசிஸ்ட். அது முடிந்தபின், எடுத்த பெட்டி அதுதானா, வீரியம் சரியா, எண்ணிக்கை சரியா, லேபிளில் பெயரும் குறிப்பும் மருந்துச்சீட்டோடு ஒத்துப்போகிறதா, காலாவதித் தேதி என்ன என்று கடைசியாகச் சரிபார்த்துக் கையெழுத்திடுவது நான். அம்லோடிபின் இருக்கவேண்டிய பையில் அமிட்ரிப்டிலின் இருக்கும். பிரெட்னிசலோனும் புரோப்ரனலாலும் தட்டில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். முதல் இரண்டில் ஒன்று இரத்த அழுத்தத்துக்கு, மற்றது மனச்சோர்வுக்கு என்றால் யோசித்துப் பாருங்கள். நான் தவறவிட்டால் பதில் சொல்லவேண்டியது என் பதிவெண். 2024 ஜூனிலிருந்து, எழுதிவைத்த நெறிமுறைக்கு உட்பட்டுச் சில மருந்துகளைச் சீட்டில்லாமலே நாங்கள் கொடுக்கலாம் என்றும் சட்டம் வந்துவிட்டது.

'பிழையாமல் இயற்றுவான்' எனக்குப் பிடித்திருக்கிறது, 'வான்' நீங்கலாக. ஆனால் மருந்துழையர் என்று பேட்ஜ் குத்திக்கொண்டு நிற்க மாட்டேன்.
– ர.

---

அப்படியானால் 'மருந்துச் சரிபார்ப்பாளர்'?
– வீ.

---

சரிபார்ப்பது வேலையில் ஒரு பகுதிதான். வார்டுக்குப் போய், நோயாளி வீட்டில் என்னென்ன மாத்திரை விழுங்கினார் என்று கேட்டுப் பட்டியல் எடுப்பதும் நாங்கள்தான்.
– ர.

---

எல்லோருக்கும் நன்றி. அச்சகத்திலிருந்து இரண்டுமுறை கூப்பிட்டுவிட்டார்கள். 'தொழில்நுட்பவியலாளர்' தலைப்பில் ஒரு வரியில் அடங்கவில்லை. ம., வீ., நான் மூவரும் 'மருந்தக நுட்பாளர்' என்பதில் ஒத்துப்போகிறோம். க. அண்ணை சொன்னபடி முதல் இடத்தில் 'பார்மசி டெக்னீஷியன்' என்று தமிழெழுத்தில் போட்டுவிடுகிறேன், அதன்பிறகு நுட்பாளர். டிஸ்பென்சருக்கு 'மருந்து வழங்கல் உதவியாளர்'.
– தி.

---

நுட்பம் + ஆளர் புணர்ச்சியில் பிழையில்லை, ஒப்புகிறேன். ஆனால் வார்டில் நின்று பட்டியல் எடுப்பவரை எப்படி 'மருந்தக' என்று கட்டிப்போடுகிறீர்கள்? என் மறுப்பைப் பதிவுசெய்க. மறுபதிப்பு வந்தால் 'மருந்து நுட்பாளர்' என்றாவது திருத்துங்கள். கம்பு – கொம்பு பற்றிய மடல் ஏழு பக்கமாகிவிட்டது, இணைப்பாகப் போடலாமா?
– சு.