தொலைவிலிருந்து மனநல ஆலோசனை: எங்கள் அனுபவங்கள்

மனநல ஆலோசகர், மதுரை:
2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது, நேரில் வந்துகொண்டிருந்தவர்களைப் பாதியில் விட மனமின்றிக் காணொளியில் பேசத் தொடங்கினேன். முதலில் என்னைத் தடுமாற வைத்தது மௌனம். நேரில் ஒருவர் பேச்சை நிறுத்தித் தரையைப் பார்த்தால், உள்ளே ஏதோ திரள்கிறது என்று காத்திருப்பேன். திரையிலோ, அவர் அழுகிறாரா, இணைப்பு அறுந்ததா என்று புரியாமல் "கேட்கிறதா?" என்று குறுக்கிட்டு, வரவிருந்த சொல்லைப் பலமுறை கெடுத்திருக்கிறேன்.

அதைவிடப் பெரிய சிக்கல் வீடு. "ம்", "சரி" என்று மட்டும் பதில் தந்த ஒரு பெண்ணுக்கு ஆர்வமில்லை என்று இரண்டு வாரம் தவறாக எண்ணினேன். மாமியார் அருகிலேயே அமர்ந்திருந்தது பிறகுதான் தெரிந்தது. அதன்பின் அவர் துணி காயப்போடும் நேரத்தில் மொட்டைமாடியிலிருந்து பேசினார். யாராவது படியேறினால் "புளி ஊறப்போடணும்" என்பார், நான் பேச்சை மாற்றிவிடுவேன்.

இப்போது ஒவ்வொரு அமர்வையும் "இன்று எங்கிருந்து பேசுகிறீர்கள்?" என்றே தொடங்கி, முகவரியையும் அவர் நம்பும் ஒருவரின் எண்ணையும் குறித்துக்கொள்கிறேன், உயிருக்கு ஆபத்தென்றால் நான் உடனே போய்ச் சேர முடியாதே. நள்ளிரவில் மனம் தாங்காவிட்டால் அழைக்க, 2022 அக்டோபரில் தொடங்கிய டெலிமனாஸ் என்ற அரசின் மனநலத் தொலைபேசிச் சேவையின் 14416 என்ற இலவச எண்ணையும் எழுதிக்கொள்ளச் சொல்கிறேன்.

ஆலோசனை பெற்றவர், அறந்தாங்கி:
பேருந்தில் ஏறினாலே நெஞ்சு படபடத்து உயிர் போவதுபோல் தோன்றும் எனக்கு, ஆலோசனைக்காகப் பேருந்து ஏறுவதே முடியாத காரியமாக இருந்தது. அலைபேசி இல்லையென்றால் நான் தொடங்கியே இருக்க மாட்டேன். சில மாதங்கள் வீட்டிலிருந்து பேசிய பிறகு, ஆலோசகரின் குரல் காதில் ஒலிக்க, வாசல், தெருமுனை, பேருந்து நிலையம் என்று வாரந்தோறும் சிறிது தூரம் நடந்தேன். அச்சம் எங்கே எழுந்ததோ அங்கேயே நின்று, அது அடங்கும் வரை அவருடன் பேசிக்கொண்டிருந்த அந்த நிமிடங்களே என்னை மீட்டன. எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்துக்கு இது முற்றிலும் புதிதும் அன்று; 2010இலேயே சென்னையின் ஸ்கார்ஃப் என்ற மனநலத் தொண்டு நிறுவனத்தின் பேருந்து கிராமங்களுக்கு வந்து, திரையில் தோன்றிய மருத்துவரின் ஆலோசனைப்படி அங்கேயே மாத்திரை வழங்கியது.

நோயாளியின் மகன், தேனி:
என் தந்தைக்குக் காணொளி உதவவில்லை. காது மந்தம் என்பதால் பாதிக் கேள்விகளை நானே உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது. என் முன்னால் அவர் எதையும் மனம்விட்டுப் பேசவுமில்லை. அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றபோது, அவர் உள்ளே நடந்து வந்ததைப் பார்த்ததுமே, அந்த விறைப்பு மாத்திரையால் வந்திருக்கலாம் என்று மருத்துவர் ஐயுற்று அளவைக் குறைத்தார். அதுவரை திரையில் அவர் தோள் வரை மட்டுமே தெரிந்திருந்தார்.